தவக்காலத்துக்கு முன் போட்ட சோப்பு

அன்புள்ள ரெஜினாவுக்கு,

நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தாயிற்று. நானும் அப்பாவும் சுகம். இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்துவிட்டு மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடாதே. உன் மாமியாருக்கு, அதுதான் உன் அத்தைக்கு, எழுத்து தெரியாது, அதனால் ஒரு வரி விடாமல் அவர்களுக்குப் படித்துக் காட்டு. பிறகு வாசலில் உட்கார்ந்து, அன்றைக்கு நான் போட்ட சத்தத்தை நின்று வேடிக்கை பார்த்தார்களே, அந்த அக்கம்பக்கத்து ஜனங்களையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டு. தெருவில் நின்று கத்திவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டால் அது கணக்கில் சேராது. நான் என்னைத் திட்டிக்கொள்ளும் இடங்களில் குரலைக் கூட்டிப் படி. உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்து எழுதுகிறேன். கேட்கிறவர்களுக்கு எல்லாம் தெரிய வேண்டும் அல்லவா?

நம் வீட்டில் சோப்பு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவுக்கு மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை. காலையில் போகும்போது மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை, சாயங்காலம் வரும்போது சாணி, பால், மாட்டுக்குத் தடவும் எண்ணெய், வைக்கோல் தூசி எல்லாம் சேர்ந்த ஒரு காக்கிச் சட்டை. கடையில் வாங்கும் பார் சோப்பு அந்தச் சட்டைக்கு முன்னால் அரை வாரம் தாக்குப்பிடிக்காது. நான் கிருஷ்ணகிரியில் கன்னியர் மடத்துப் போர்டிங்கில் படித்தவள். அங்கே மதர் ஒருத்தர் மாதத்துக்கு ஒருமுறை சோப்புப் போடுவார். எண்ணெய் கிளறுகிற வேலை எனக்கு. பாடம் மறந்துபோயிற்று, கிளறியது மறக்கவில்லை. கல்யாணமாகி மத்திகிரிக்கு வந்த இரண்டாம் வருடமே ஓசூர்க் கடையில் காஸ்டிக் சோடா வாங்கிவரச் சொல்லி நானே போட ஆரம்பித்தேன். நீ தவழ்கிற வயதில் இருந்ததால் அந்த வேலை நடக்கும்போது உன்னைப் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மாவிடம் விட்டுக் கதவைச் சாத்தச் சொல்லிவிடுவேன்.

அந்த வேலையில் அவசரத்துக்கு இடமில்லை. வீட்டுக்கு வெளியே, காற்றுப் போகிற பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, எனாமல் குண்டானில் தண்ணீரை வைத்து, அதில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டால் முகத்தில் அடிக்கும். அலுமினியத்தில் கரைத்தால் பொங்கிப் பாத்திரத்தையே தின்றுவிடும். நெருப்பே இல்லாமல் அந்தத் தண்ணீர் கொதிக்கும், மூக்கில் ஏறும். அது ஆறுகிறவரை காத்திருந்து, எண்ணெயில் நூலாக ஊற்றிக்கொண்டே மரக்கரண்டியால் கிளற வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும் என்று தோன்றும் நேரத்தில் தோசை மாவு பதத்துக்கு வரும். துணி விரித்த மரப்பெட்டியில் ஊற்றி, சாக்கைப் போர்த்தி வைத்தால் மறுநாள் கம்பியால் அறுக்கலாம். அத்தோடு முடிந்தது என்று நினைக்கிறவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்வார்கள். அறுத்த கட்டிகளை இடைவெளி விட்டு அடுக்கி, நிழலில் ஒரு மாதம் விட்டுவிட வேண்டும். ஒரு ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். சுரீர் என்று கடித்தால் இன்னும் இருக்கட்டும். சும்மா சப்பென்று இருந்தால் எடுத்துத் துவைக்கலாம். இதை நான் உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சொன்னவளுக்கே அது நினைவில் நிற்கவில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தின் கதை.

உன் சம்பந்தம் முடிவானது பொங்கல் கழிந்து. விபூதிப் புதனில் தவக்காலம் தொடங்கிவிட்டால், ஈஸ்டர் என்கிற பாஸ்கு வரை கோயிலில் தாலி கட்ட முடியாது. பாஸ்கு கழிந்து வைக்கலாம் என்றால், ஊத்தங்கரைப் பக்கம் சித்திரையில் கிணறு வறண்டுவிடும், பந்திக்குத் தண்ணீர் இருக்காது என்று உன் அத்தை சொன்னார்கள். அதனால் தவக்காலம் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுவது என்று பங்குச் சாமியாரிடம் பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கக் கொடுத்தோம். பெட்டி, குத்துவிளக்கு, பாத்திரம் எல்லாவற்றுக்கும் அப்பா அலைந்தார். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. உன் சீர்ப்பெட்டியில் நான் போட்ட சோப்பு ஒரு அடுக்கு போக வேண்டும். புகுந்த வீட்டில் நீ துவைத்துக் காயப்போடும் வேட்டியைப் பார்த்து, பெண்ணை யார் வளர்த்தது என்று கேட்க வேண்டும். பெருமைதான், வேறென்ன?

தேங்காய் எண்ணெய் விற்ற விலைக்கு அதைத் தலையில் வைப்பதே பெரிய பாடாக இருந்தது. கோயிலில் கோதுமையோடும் பால் பவுடரோடும் கொடுத்த அமெரிக்கா எண்ணெய் டின் ஒன்று மூலையில் கிடந்தது. அதன் வாசனை பிடிக்காமல் நாம் யாரும் சமையலுக்குத் தொடவில்லை. சும்மா கிடக்கிறதே என்று அதில் சோப்புப் போட்டேன். அந்த எண்ணெய் இறுகும் ஜாதி இல்லை என்று எனக்குத் தெரியாது. பெட்டியில் ஊற்றிய சோப்பு மறுநாளும் களியாக இருந்தது, அதற்கு மறுநாளும் களியாக இருந்தது. கல்யாணமோ கழுத்தில் நிற்கிறது. எல்லாவற்றையும் வழித்துத் திரும்பக் குண்டானில் போட்டு, இன்னொரு பிடி சோடாவைக் கரைத்து ஊற்றிக் கிளறினேன். ஜம்மென்று இறுகிவிட்டது! அறுத்தபோது பளிங்கு மாதிரி நின்றது. மேலே வெள்ளையாகப் பூத்திருந்ததைக்கூட அழகு என்று நினைத்து, ஈரத்துணியால் துடைத்து, நீலக் காகிதத்தில் சுற்றி உன் பெட்டியில் அடுக்கினேன். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டில் நாக்குக்கு வேறு வேலைகள் இருந்தன.

நீ போன பிறகு வீடு வீடாக இல்லை. அதை விடு. தவக்காலம் பாதி கடந்திருக்கும், அப்பாவோடு வேலை செய்கிற கம்பவுண்டர் நாராயணப்பா ஒரு நாள் சாயங்காலம் வந்தார். பண்ணையிலிருந்து ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் பொலிகாளையை ஓட்டிப்போய் விட்டுவிட்டு வந்தவர். தண்ணீர் குடிக்க வந்தவர் தண்ணீரைக் குடிக்காமல் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, தப்பா நெனைக்க வேண்டாம். உங்க பொண்ண வழியில பாத்தன். ரெண்டு கையிலயும் துணி சுத்தியிருந்துச்சு. என்னாம்மா ஆச்சுன்னு கேட்டன். ஒண்ணுமில்ல அண்ணான்னு சொல்லிட்டு கைய முந்தானைக்குள்ள மறைச்சிகிச்சு. பக்கத்துல மாமியா நின்னுட்டிருந்தாங்க. அதுக்கு மேல நான் எதும் கேக்கல."

அவர் போன பிறகு நான் உலையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். இரண்டு கை. ஒரு கையில் என்றால் அடுப்பு, கத்தி என்று ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அப்பா, "கடுதாசி போட்டுக் கேக்கலாம், அவசரப்படாத" என்றார். கடிதம் போட்டால் நீ என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியாதா? எல்லாரும் சுகம் என்று எழுதுவாய். அதற்கு முன் வந்த கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தாய். மறுநாள் விடிந்ததும் ஜட்கா வண்டி பிடித்து ஓசூர் வந்து, கிருஷ்ணகிரி பஸ் ஏறி, அங்கே மாறி, ஊத்தங்கரை வண்டியில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் நான் யோசிக்காத கொடுமை இல்லை. கொதிக்கிற எண்ணெய், பழுக்கக் காய்ச்சிய கரண்டி, என்னென்னவோ. உன் அத்தை கல்யாணத்தில் அதிகம் பேசாமல் இருந்ததை நினைத்தேன். அவர்களுடைய கடுகடுத்த முகத்தை நினைத்தேன். ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் அவர்கள் முகம் இன்னும் கடுகடுவென்று ஆகிக்கொண்டே போனது. துணையில்லாமல் தனியாக இவ்வளவு தூரம் நான் வந்ததே இல்லை. ஆனால் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஊர் என்ன சொல்லும், சாமியார் என்ன சொல்வார் என்பதெல்லாம் பிறகு.

வாசலுக்கு வந்ததும் உன்னைத்தான் பார்த்தேன். புளியம்பழம் உடைக்கிற இடத்தில் உட்கார்ந்து, வேலை செய்யாமல், உன் அத்தை உடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கையில் துணி. நான் ஒன்றும் கேட்காமல் உன் கையைப் பிடித்துத் துணியைப் பிரித்தேன். தோல் உரிந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்து, செக்கச்செவேலென்று இருந்தது.  அதற்குப் பிறகு நடந்ததைத் தெரு முழுவதும் கேட்டது.

"எம் பொண்ணு கைய என்னா பண்ணி வெச்சிருக்கீங்க? கேக்கறதுக்கு ஆளில்லாதவன்னு நெனச்சிட்டீங்களா?"

உன் அத்தை எழுந்து நின்றார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து நீட்டி, "மொதல்ல உள்ள வாங்க சம்மந்தி. வெயில்ல வந்திருக்கீங்க. ஒரு வாய் தண்ணி குடிங்க, அப்பறம் பேசலாம்" என்றார்கள்.

"உங்க வீட்டுத் தண்ணி எனக்கு வேணாம். ரெஜினா, பொட்டிய எடு. இப்பவே கெளம்பு."

"அம்மா, கத்தாத. அத்த ஒண்ணும் பண்ணல" என்று நீ சொன்னாய். அதுவும் எனக்கு வேறு மாதிரித்தான் கேட்டது. பயந்துகொண்டு சொல்கிறாய் என்று நினைத்தேன். அதற்குள் எதிர்வீட்டு வாசலில் ஆள் கூடிவிட்டது. ஒரு அம்மாள் என் பக்கமாக வந்து, "சுடுகஞ்சி கொட்டிச்சுன்னு சொன்னாங்க. எங்களுக்கு என்னா தெரியும் தாயீ" என்று இழுத்த இழுப்பில், அந்தத் தெருவில் என்ன பேச்சு ஓடிக்கொண்டிருந்தது என்று புரிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

"ரெண்டு கையிலயும், வெரலுக்கு வெரலு ஒரே மாதிரி எந்தக் கஞ்சி கொட்டும்? நீங்களே சொல்லுங்க" என்று உன் அத்தையைப் பார்த்துக் கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவர்களுக்குப் பெண் பிள்ளை இல்லாததைக்கூடச் சொல்லிக் காட்டினேன். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அவர்கள் உன்னை ஒரு தடவை பார்த்தார்கள். பிறகு என்னிடம், "அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. என்ன என்னா வேணா பேசிக்கிங்க" என்று மட்டும் சொன்னார்கள்.

அப்போதுதான் நீ கத்தினாய். பிறந்ததிலிருந்து நீ என்னிடம் அப்படிக் கத்தியதில்லை.

"உன் சோப்பும்மா! நீ குடுத்த சோப்புதாம்மா! வேற யாரும் ஒண்ணும் பண்ணல!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. நீ அழுதுகொண்டே உள்ளே போய், நீலக் காகிதத்தோடு ஒரு கட்டியைக் கொண்டுவந்து திண்ணையின் மேல் வைத்தாய். நான் அதை எடுத்தேன். தெரு பார்த்துக்கொண்டிருக்க, அதன் ஓரத்தை நாக்கில் வைத்தேன். தேள் கொட்டிய மாதிரி இழுத்துக்கொண்டேன். இத்தனை நாள் கழித்தும் அப்படிக் கடித்தது என்றால், அதைப் பெட்டியில் வைத்துக் கட்டிய அன்று எப்படி இருந்திருக்கும்! நாக்கை நீட்டிக்கொண்டு நான் நின்ற கோலத்தைப் பார்த்து, கூட்டத்தில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். உன் அத்தை சிரிக்கவில்லை. "நாக்க கழுவுங்க சம்மந்தி" என்று அதே சொம்பைத் திரும்ப நீட்டினார்கள். வேண்டாம் என்று சொன்ன அந்த வீட்டுத் தண்ணீரை வாங்கிக் கொப்பளித்தேன். அதே தண்ணீரைக் குடிக்கவும் செய்தேன். உப்பாக இருந்தது.

அந்த உப்பில்தான் மிச்சக் கதை இருக்கிறது. மத்திகிரிக் கிணற்றில் இரண்டு தேய்ப்புக்கே நுரை வந்துவிடும். உங்கள் ஊர்த் தண்ணீரில் நுரை வராது, திரிதிரியாகத் தயிர் மாதிரி மிதக்கும். நுரை வரவில்லையே என்று நீ இன்னும் தேய்த்திருக்கிறாய். இந்த வருடம் பாஸ்குக்குக் கோயில் பீடத் துணிகளைத் துவைக்கிற முறை உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. என் அம்மா போட்ட சோப்பு, நானே வெளுத்துக் காட்டுகிறேன் என்று எல்லாத் துணிகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டு தேய்த்திருக்கிறாய். கை எரிந்தபோதும் சொல்லாமல் மறுநாளும் தேய்த்திருக்கிறாய். என் பெருமை உன் ரத்தத்தில் ஓடுகிறது, வேறு யாரைக் குறை சொல்ல?

நீ அழுது ஓய்ந்து உள்ளே படுத்துவிட்டாய். அப்போது பின்கட்டில் எங்களுக்குள் நடந்த பேச்சு உனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். உன் அத்தைக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது அவர்கள் எழுந்து போகப் பார்ப்பார்கள். விடாதே.

நான் என்ன பேசுவது என்று தெரியாமல் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "மொதல்ல அவ சொல்லவே இல்ல" என்று தாமாகவே ஆரம்பித்தார்கள். "ஒரு நாள் சோத்துல ரசம் ஊத்திப் பெசையறப்ப கண்ணுல தண்ணி கொட்டுது. என்னா கண்ணுன்னு கேட்டா, வீட்டு நெனப்புன்னு சொல்றா. வெரல விரிச்சுப் பாத்தன். ஒடனே ஊத்தங்கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயி மருந்து போட்டுட்டு வந்தன். அன்னைலேருந்து ஒரு வேலையும் தொட விடல. சோறு நான்தான் ஊட்டி விடறன்."

சோறு ஊட்டி விட்டதை நீ என்னிடம் சொல்லவே இல்லையே ரெஜினா. கல்யாணமான பெண் மாமியார் கையால் சோறு வாங்கித் தின்கிறேன் என்று சொல்ல வெட்கமா?

"அப்ப சோப்புன்னு தெரிஞ்சும் ஏன் கஞ்சின்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். "தெருவுல உங்களத்தான தப்பா பேசறாங்க?"

அவர்கள் கோழிகளை விரட்டிக்கொண்டே சொன்னார்கள். "வந்த அன்னைக்கே எங்கம்மா போட்ட சோப்புன்னு எடுத்து எடுத்துக் காட்டினா. அதுல போயி நான் எப்பிடிக் குத்தஞ் சொல்றது? புள்ள மனசு ஒடிஞ்சி போயிராதா? தெருவுல சொன்னா உங்க பேரு கெடும். கஞ்சின்னு சொன்னா யாரு பேரும் கெடாதுன்னு நெனச்சன். எம் பேரு கெடும்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. சரி, நாம இந்த ஊர்லயே கெடக்கறவ, மெதுவா சரியாயிரும்னு விட்டுட்டன்."

நான் அழுதேன். ஆமாம், உன் அத்தையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பேசியதற்காக அழுதது பாதி. மிச்சப் பாதி நிம்மதி. பஸ்ஸில் வரும்போது நான் நினைத்துப் பார்த்த அந்தக் கொடுமைகளில் ஒன்றுகூட என் பெண்ணுக்கு நடக்கவில்லை. அவளுக்கு எரிந்தபோது ஊதிவிட ஒரு ஆள் இருந்திருக்கிறது. "மன்னிச்சிக்கிங்க" என்றேன். "இதுல என்னா இருக்குது? எம் புள்ள கை அப்பிடி இருந்திருந்தா, நான் வெறுங்கையோட வந்திருக்க மாட்டன், வெளக்குமாத்தோட வந்திருப்பன்" என்றார்கள். அப்போதுதான் அந்தக் கடுகடுத்த முகம் சிரித்ததை முதன்முதலாகப் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை. அதை மறைக்கத்தான் கல்யாணத்தில் வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்!

பிறகு நடந்தது உனக்கே தெரியும். மிச்சமிருந்த கட்டிகளைக் குப்பையில் போடலாம் என்றேன், அவர்கள் விடவில்லை. இரண்டு பேரும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு எல்லாவற்றையும் சீவினோம். பழைய இரும்புச் சட்டியில் தண்ணீர் விட்டுக் கரைத்தோம். கூடுதலாக எண்ணெய் விட்டால் மிஞ்சியிருக்கும் சோடாவை அது தின்றுவிடும் என்று நான் சொன்னேன். உப்புத் தண்ணீருக்குத் தேங்காய் எண்ணெய் சோப்புதான் நுரைக்கும் என்று அவர்கள் சொன்னார்கள். தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து, நான் போதும் போதும் என்கிறபோதே புட்டியைக் கவிழ்த்தார்கள். மெல்லிய தீயில் வைத்து மாறி மாறிக் கிளறினோம். நான் ஒரு பக்கம் கிளறினால் அவர்கள் மறுபக்கம் கிளறினார்கள். கிளறுவதிலும் எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டை வந்தது. சந்தைக்குப் போய்விட்டு வந்த மாப்பிள்ளை, இரண்டு சம்பந்திகளும் புகைக்குள் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, என்ன விருந்து என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சோப்பு இப்போது பரணில் காய்ந்துகொண்டிருக்கும். பாஸ்கு கழிந்து இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். அத்தை நாக்கில் வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு எடு. அதுவரை துணியைக் கடை சோப்பில் வேறு யாராவது துவைக்கட்டும், உன் கையால் வேண்டாம்.

இப்போது கொஞ்சம் புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் கல்யாணமாகி மத்திகிரிக்கு வந்தபோது எனக்குக் கேழ்வரகுக் களி சாப்பிட்டுப் பழக்கமில்லை. ஒரு உருண்டை வைப்பார்கள், தொண்டையில் இறங்காது. சோறு வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் என் தாய்வீட்டைக் குறைவாக நினைப்பார்கள் என்று வெறும் குழம்பை நக்கிக்கொண்டு பட்டினி கிடந்தேன். கடைசியில் பால் கறக்கும் இடத்தில் மயங்கி விழுந்தபோதுதான் உன் அப்பாவுக்குத் தெரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "வாயி எதுக்குக் குடுத்திருக்கான் ஆண்டவன்?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டது யாருக்கும் உதவவில்லை. நீ கையை முந்தானைக்குள் மறைத்ததும் யாருக்கும் உதவவில்லை. உன் அத்தை கஞ்சி என்று சொன்னதும், சொல்லப்போனால், அப்படித்தான். மூன்று பேரும் ஒருவர் மனம் நோகக் கூடாது என்று மறைத்து மறைத்து, தெருவே கூடி வேடிக்கை பார்க்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். எரிகிறது என்றால் எரிகிறது என்று முதல் நாளே சொல். மாப்பிள்ளையிடம் சொல், அத்தையிடம் சொல், என் சோப்பைப் பற்றியானாலும் என்னிடம் சொல். எனக்குக் கொஞ்சம் வலிக்கும், இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வேன், பிறகு சரியாகிவிடுவேன். என்னைக் காப்பாற்ற உன் தோலைக் கொடுக்காதே. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா வீட்டிலிருந்து வந்தது என்பதற்காக எதையும் கண்ணை மூடிக்கொண்டு நல்லது என்று நினைத்துவிடாதே. நான் சொல்லும் புத்தியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தெருவில் அன்று நின்ற அம்மாமார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நான் பேசியது அத்தனையும் தப்பு. இந்த வீட்டு அம்மாள் என் பெண்ணின் கையில் சூடு வைக்கவில்லை, சோறு வைத்திருக்கிறார்கள். சுட்டது நான். இதை அந்த வாசலிலேயே வந்து சொல்லியிருக்க வேண்டும். அன்று அழுத முகத்தோடு வர வெட்கப்பட்டேன், மறுநாளும் பின்வாசல் வழியாகவே போய்விட்டேன். இனி யாராவது கஞ்சிக் கதை பேசினால், மத்திகிரிக்காரியின் சோப்புக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மறுநாள் மத்தியானம் என்னை பஸ் ஏற்றிவிட நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். ஒரு மூட்டை புளியை என் மடியில் வைத்து, "அடுத்த தடவ சண்ட போடணும்னாலும் இங்கயே வந்து போடுங்க சம்மந்தி, வேற எடத்துக்குப் போயிராதீங்க" என்றார்கள் உன் அத்தை. பஸ் நகரும்போது நீ துணி சுற்றிய கையைத் தூக்கி ஆட்டினாய். உடனே அவர்கள் அந்தக் கையைப் பிடித்து, வெயில் படாமல் தங்கள் முந்தானையால் மூடினார்கள். நான் பார்த்த கடைசிக் காட்சி அதுதான்.

கிருஷ்ணகிரியில் இறங்கிப் பெங்களூர் பஸ்ஸில் மாறி உட்கார்ந்தது வரை நினைவிருக்கிறது. ஓசூரில் இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடமும் சொல்லி வைத்தேன். அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. யாரோ தோளைத் தட்டி எழுப்பினார்கள். கண் விழித்துப் பார்த்தால் ஜூஜுவாடி! லாரிகள் வரிசையாக நிற்கின்றன, அந்தப் பக்கம் கர்நாடகம். கண்டக்டருக்கு ஒரே கோபம். ஓசூரில் மூன்று தடவை கத்தினாராம், பக்கத்து சீட்டுக்காரர் உலுக்கியும் பார்த்தாராம்.

"ஏனம்மா, ஓசூர் போயி எவ்ளோ நேரமாச்சு! சாவு வூட்ல கண்ணு முழிச்சவங்கதான் இப்பிடித் தூங்குவாங்க. எந்த வூட்டு சாவுக்குப் போயிட்டு வரீங்க?"

புளி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினேன். திரும்ப ஓசூருக்கு எந்த வண்டி வரும், எப்போது வீடு போய்ச் சேர்வேன் என்று ஒன்றும் தெரியாது. எனக்கு அதைப் பற்றிக் கவலையே வரவில்லை.

"சாவும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா" என்றேன். "எம் பொண்ணு நல்லா இருக்கறா. பாத்துட்டு வரன்."

உன் அம்மா